ஒரு கை

ஹாகன் நகர நீதிமன்றம், இரண்டாம் மாடி.
தண்ணீர்க் குவளைக்கும் எனக்கும் நடுவே
ஒரே ஒரு வாக்கியம்:
"உன்னை ஒருகை பாக்கிறன்."

சொன்னது உண்மை என்கிறார் சவிரிமுத்து.
சீட்டுக் காசு, நாலாயிரம் யூரோ.
கடை வாசலில் மீன்பெட்டி இறக்கியவர்கள்
காதால் கேட்டிருக்கிறார்கள்.

"சொல்லுக்குச் சொல்" என்றார் நீதிபதி.
கொடுத்தேன்: உன்னை, ஒன்று, கை, பார்க்கிறேன்.
தட்டச்சுப் பெண் விரலை நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தாள்.
"மிரட்டலா?"

மிரட்டல்தான்.
ஆனால் பிரியாணிப் பொட்டலத்தின் நூலைப் பிரிக்கும்போது
என் கணவர் சொல்வதும் இதுதான்.
மூன்றாம் முறையாகக் கணக்குப் பரீட்சைக்குப் போன
கும்பகோணத்து அத்தை மகன் சொன்னதும் இதுதான்.
(கணக்குதான் அவனை ஒரு கை பார்த்தது.)
எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன்.
நீதிபதி 'பிரியாணி' என்று எழுதி, அடித்தார்.

சவிரிமுத்து எழுந்தார்.
"சனிக்கிழமையில முந்நூற்றிநாலு விளையாடுவம், அம்மா.
ஆள் காணாட்டி
ஒரு கை குறையுது, வாடா எண்டு
இவனைத்தான் கூப்பிடுறது.
என்ர வாயில அது கிடக்கிற சொல்."

பஞ்சாட்சரம் எழவில்லை.
இடது சட்டைக்கை முழங்கைக்கு மேலே மடித்து
ஊசி குத்தியிருந்தது.
காலையிலிருந்து எதிரேதான் இருக்கிறார்.
என் கண்ணுக்குத் தெரிந்தது,
வாக்கியத்துக்குள் வரவில்லை.

"அடிப்பான் எண்டு பயப்பிடேல்லை.
அடிக்கிற ஆளில்லை அவன்.
கடை முழுக்கச் சனம்.
ஏச எத்தினை சொல் கிடந்தது.
ஒருகை எண்டான்."

மொழிபெயர்த்தேன்.
'ஒரு' வந்த இடத்தில்
தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

யாரையும் பார்க்காமல் சவிரிமுத்து:
"இருபத்தாறு வருசம்
ஒரே பேக்கரி, ஒரே இரவு வேலை.
குளிருக்கு இவன்ர கோட்டை இழுத்துப் பூட்டி விடுறது நான்.
இவனுக்கு ஒரு கை இல்லை எண்டதே
எனக்கு ஞாபகத்தில நிக்கிறதில்லை."

அந்த 'நிக்கிறதில்லை'யை
எந்தக் குரலில் சொல்வது?
மன்னிப்பாகவா, வாக்குமூலமாகவா,
கொஞ்சம் பெருமையாகவா?
சொல்லுக்குச் சொல் என்றிருந்தார்கள்.
குரல் இல்லாமல் கொடுத்தேன்.
தீர்ப்பு பதினெட்டாம் தேதிக்கு.

கீழே தூறல்.
ஹாஸ்பே போக அந்த நேரத்தில் ஒரே பஸ்.
நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள்,
நடுவே ஒரு குப்பைத்தொட்டி அகலம்.
பஞ்சாட்சரத்தின் கோட்டு
திறந்தே கிடந்தது.

எதிர்ப்பக்கம் என் பஸ் முதலில் வந்துவிட்டது.
ஏறி உட்கார்ந்து
கண்ணாடியின் ஆவியைத் துடைப்பதற்குள்
அவர்களுடைய பஸ்
குறுக்கே வந்து நின்றிருந்தது.