மூன்றாவது மேடு, இடப்பக்கம்

காலை ஆறரைக்குச் சுத்தியலோடு
ஹெட்டியின் முதுகில் ஏறுவேன்.
ஹெட்டி ஒரு ரோலர் கோஸ்டர், முழுக்க மரம்.
லாரல் ஹாலோ பூங்காவைக் கட்டிய ஸ்ட்ரால்
பெண்டாட்டியின் பெயரை வைத்தாராம்.
"அவளும் இப்படித்தான் உலுக்குவாள்" என்றாராம்.
மோனங்ககேலா ஆற்றங்கரையில்
இந்தப் பேச்சைக் கேட்காத பிள்ளை கிடையாது.

தட்டினால் நல்ல போல்ட் கணீரென்று பதில் சொல்லும்.
தளர்ந்தது, சளி பிடித்தவன் குரலில்.
பத்தொன்பது வருஷம் காதை வைத்துத்தான் பிழைத்தேன்.
மூன்றாவது மேட்டில், இடப்பக்கம், ஒன்று மட்டும்
ஒருநாளும் கணீரென்றதில்லை.
மாற்றிப் பார்த்தேன். இறுக்கிப் பார்த்தேன்.
தலையில் சிவப்புப் பெயின்ட் பூசி வைத்தேன்.
வண்டி அதைத் தாண்டும் வரை
வாயில் இருக்கும் காப்பியை விழுங்கமாட்டேன்.

உருக்காலை எரிந்த காலத்தில்
ஜூலைச் சனிக்கிழமை ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்துக்கு:
ஸ்லோவாக்கியர் நாள், குரோஷியர் நாள்,
ஏழாம் உலைக்காரர்கள் நாள்.
ஆர்லீன் கடையில் உருளை வறுவல்,
வினிகர் நெடியில் கண் எரிந்தபடியே வரிசை.
உலை அணைந்தது.
பூங்காவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

முதலில் ஆற்றைப் பார்த்த பக்கத்துக்குப் பெயின்ட் நின்றது.
சாலை பார்க்கும் பக்கம் மட்டும் வெள்ளை.
அப்புறம் மூன்று வண்டி இரண்டானது, இரண்டு ஒன்றானது,
குட்டியைத் தின்னும் பூனைபோல
ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றுக்கு மாட்டி ஓட்டினோம்.
செவ்வாய் விடுமுறை. பிறகு புதனும்.
பிறகு வாரத்தில் இரண்டே நாள்.
படகுச் சவாரியின் நீர்யானை
திறந்த வாயோடு நின்றுபோனது;
அடுத்த வசந்தத்தில் அதன் நாக்கில் ஒரு கூடு.
பேரன் கிளெய்ட்டன் ஸ்ட்ரால் ஏப்ரலுக்கு ஏப்ரல்
"இந்த வருஷம் எழுந்துவிடும், டோரீன்" என்பான்.
அவன் மேஜைக்குப் பின்னால்
எப்போதோ அச்சடித்த டிக்கெட் சுருள்கள்
கூரை தொட அப்படியே.

மூடப்போகிறோம் என்று பலகை வைத்தோம்.
மறுநாள் மூன்று மைலுக்குக் கார்.
ஒஹாயோ எண், வர்ஜீனியா எண், ஃப்ளோரிடா எண்கூட.
அழுதார்கள். மரத்தூணை முத்தமிட்டார்கள்.
குப்பைத்தொட்டியின் கோமாளித் தலையைத்
திருகி எடுத்துக்கொண்டு போனார்கள்.
நாலு மணி நேரம் நின்று ஏறிய மார்ஜி டெம்கோ,
என்னோடு ஏழாம் வகுப்பு படித்தவள்,
என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"இதை மூட எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"
போன ஜூலையில் எங்கேடி இருந்தாய் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
கம்பியை இறக்கினேன், இழுத்துப் பார்த்தேன்,
கட்டைவிரலை உயர்த்தினேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
என் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு
நான் கூட்டிப் போனது
நெடுஞ்சாலைக்கு அப்பால், கூரைபோட்ட நீர்ப்பூங்காவுக்கு.
மழையென்றால் பணம் வீணாகாது என்று.

ஏலத்தில் ராட்டினக் குதிரைகள்
ஆளுக்கொன்றாய்ப் பிரிந்து போயின.
"இந்த உயரம் இருந்தால்தான் ஏறலாம்" பலகையை
ஒரு பல் டாக்டர் வாங்கினார்.
ஹெட்டியை யாரும் கேட்கவில்லை.
கடைசியில் விறகு விலை.

நவம்பரில் இடிக்க வந்த டுவெய்ன்
எங்கே தொடங்கலாம் என்றான்.
மூன்றாவது மேடு, இடப்பக்கம், சிவப்பு போட்டது,
கையால் திருகினாலே வந்துவிடும் என்றேன்.

மற்றதெல்லாம் வேர்க்கடலைபோல உரிந்து வந்தன.
அதில் மட்டும் இரண்டு பேர் ஸ்பேனரில் தொங்கினார்கள்.
குழாய் கோத்து நீட்டினார்கள். நெருப்புக் காட்டினார்கள்.
மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று.
கடைசியில் சுற்றியிருந்த மரத்தையே அறுத்துக்
கட்டையோடு என் கையில் கொடுத்தான்.
"எது உன்னைப் பயமுறுத்தியது?" என்றான்.

பின்சீட்டில்தான் கிடக்கிறது.
பாலத்தில் திரும்பும்போது உருண்டு கதவில் முட்டும்.
நேற்று சிக்னலில் நின்றபோது
கார்ச் சாவியால் தட்டிப் பார்த்தேன்.
இன்னும் சளிதான்.