யானை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது

தமுக்கம் பொருட்காட்சி, கடை எண் நாற்பத்தாறு.
இடப்பக்கம் டெல்லி அப்பளம்,
வலப்பக்கம் பலூன் சுடும் கடை.
நடுவில் நாங்கள்,
மதிலுக்கு உள்ளே வரைந்த படங்களை
வெளியே விற்கிறவர்கள்.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஓர் எண்.
பெயர் எழுதக் கூடாது என்பது ஏற்பாடு.
விற்ற காசு அந்த எண்ணின் கணக்கில் சேரும்;
விடுதலையாகும் நாளில்
பஸ்ஸுக்கும் ஒரு வேட்டிக்கும்
முதல் மாத வாடகைக்கும் ஆகும் என்று
நன்கொடை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்.
வாடகைக்கு யார் வீடு தருவார்கள் என்று எழுதவில்லை.

வருகிறவர்கள் விலைக்கு முன்னால்
என்ன கேஸ் என்று கேட்கிறார்கள்,
திருட்டுக்கு ஒன்று, கொலைக்கு ஒன்று என
விலைப்பட்டியல் இருப்பதுபோல.

சோணைமுத்து வெளியே வந்து ஐந்து வாரம்.
பதினோரு வருடத்துக்கு
பதினாலாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது.
ஒரு போன் வாங்கினார்.
கூப்பிட ஆளில்லை, அதில் மணி பார்க்கிறார்.
கூட்டம் சேர்ந்தால் சுவரில் சாய ஒதுங்குவார்;
இங்கே சுவர் துணி. இரண்டு முறை விழப் பார்த்தார்.
"யாருங்க வரைஞ்சது?" என்றால்
"உள்ள இருக்கவங்க" என்பார்,
பக்கத்து அறையில் தூங்குகிறவர்களைச் சொல்லும் குரலில்.
அவருடைய மூன்று படங்கள் தொங்குவதை
நானும் யாரிடமும் சொல்வதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்
ஒத்தக்கடையில் டயர் கடை வைத்திருப்பவர் வந்தார்.
மனைவி, முகத்தைவிடப் பெரிய அப்பளத்துடன் ஒரு பிள்ளை.
மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஏதாவது வேண்டும்.

"இது நம்ம யானைமலைல்ல?
ஆனா தப்பாப் போட்ருக்கான்.
தலை இந்தப் பக்கம்ல வரணும்.
பாவம், உள்ளயே கெடந்தவனுக்கு என்ன தெரியும்."

சோணைமுத்து ரசீதுப் புத்தகத்தை மூடினார்.
"அரும்பனூர்ல நின்னு பாருங்க.
அங்கிட்டிருந்து இப்படித்தான் படுத்திருக்கும்.
அஞ்சரை மணிக்கு நெத்தி மட்டும் இந்த நெறத்துல.
அது பெயின்ட்டு இல்ல, சொட்டு நீலம்.
அந்த மாசம் நீலம் தீந்துபோச்சு."

சொல்லி முடித்த பிறகே
சொன்னது அவருக்குக் கேட்டது.

பக்கத்தில் ஒரு பலூன் வெடித்தது.
அந்த அம்மா பிள்ளையைத் தன் பக்கம்
ஒரு சாண் இழுத்துக்கொண்டார்.
நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

டயர் கடைக்காரர் படத்தைப் பார்த்தார்,
கையைப் பார்த்தார்,
மனசுக்குள் மலையைச் சுற்றி ஒரு நடை போய்வந்தார்.

"அப்ப நீங்கதானா."

யாரும் பேசவில்லை. அப்பளம் பொரிந்தது.

"நீங்களே வரைஞ்சதுன்னா
நீங்களே கொறைக்கலாம்ல?
ஆயிரத்தி எரநூறு ஜாஸ்தி. ஆயிரம்."

பேரம் கிடையாது என்ற பலகை என் தலைக்கு மேலேயே இருந்தது.
வாயைத் திறப்பதற்குள் சோணைமுத்து,
"ஆயிரத்தி நூறு. சட்டத்துக்கே முந்நூறு போச்சு."

சட்டத்துக்கா, என்றார் அவர்.
முதலில் சிரித்தது சோணைமுத்து.
அவர் பல் வரிசையை அன்றுதான் பார்த்தேன்;
கீழே ஒன்று இல்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை.
"புது வீட்டுல இத எங்க மாட்டுறது" என்று
இரண்டு தரம் கேட்டார்.
பிள்ளை மட்டும் அப்பளத்தில் ஒரு துண்டு
ஒடித்து நீட்டியது.
வாங்கலாமா என்று அவர் என்னைப் பார்த்தார்.
என்னிடம் அனுமதி கேட்கிறாரே என்று எனக்குக் கூசியது.

ரசீதில் எண்ணுக்குக் கட்டம் உண்டு,
பெயருக்கு அச்சடிக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன். இனிஷியல் கேட்டேன்.
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு
"பெ" என்றார்.

ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நின்றபடி
மலை ஒத்தக்கடைக்குப் போனது,
அந்த ஊர் பார்த்திராத பக்கத்தைக் காட்டிக்கொண்டு.

குறைத்த நூறு ரூபாயைத்
திங்கட்கிழமை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.