நியூட்ரல்

சாவியைத் திருகினால்
டிக் என்றுகூட இல்லை.
பேட்டரியில் பன்னிரண்டரை. ஃபியூஸ் நல்லது.
லிவர் நியூட்ரலில்தான் நிற்கிறது,
நாங்கள் சொல்கிறோம்;
சுவிட்ச் நம்பவில்லை.

குந்துகாலில் விடிந்துவிட்டது.
'ரெண்டு வயரையும் முறுக்கி விடு, ஓடிரும்'
என்றான் இன்னாசி.
முறுக்கினேன்.
ஓடியது,
லிவர் நடுவில் இருக்கவே
படகு பின்னால் எகிறியது.
முன்கயிறு விண்ணென்று பிடித்திழுக்க
விசிறிக்கு ஒரு முழம் தள்ளி
இடுப்பளவுத் தண்ணீரில்
பாசிச் சாக்கோடு குருவம்மா.
'என்னய்யா' என்றாள், அவ்வளவுதான்.

அணைத்தேன். முறுக்கைப் பிரித்தேன்.
கேபிள் நட்டு மூன்று மரை நழுவியிருந்தது.
லிவர் சொன்னது பொய்.
இன்னாசி வேறெங்கோ பார்த்தபடி
பத்தாம் நம்பர் ஸ்பானரை நீட்டினான்.

இப்போது திருகினால் எடுக்கும்.
குருவம்மா ஏறி உட்காருமட்டும்
சாவி என் சட்டைப்பையில்.