இரண்டாவது தட்டு

வற்றத்தில் பொழிமுகம் முழங்கால் ஆழம்.
இந்தக் கரை நீரோடி, எதிரே பொழியூர்.
இங்கே கிழங்கான், அங்கே பூழான்.
மீனுக்கு இரண்டும் தெரியாது.

வலை வருகிற சத்தத்தில்
மூக்கால் மணலைக் குத்திப் புதைந்துகொள்ளும்.
அதனால் தூண்டில்தான்.
முள் சின்னது வேண்டும், அதன் வாய் ஊசிக்காது மாதிரி.
ஈயம் ஒரு பட்டாணி.
சேற்றுப்புழு சிரட்டையில், ஈரமணலோடு.
என் நிழல் எனக்குப் பின்னால்.

தங்கூசியை ஆள்காட்டி விரலில் சுற்றி நிற்கிறேன்.
முதல் தட்டு பொய்.
நீ ஆளா அலையா என்று கேட்டுப் பார்க்கிறது.
இழுத்தால் புழு போச்சு.

அப்போதுதான் இடுப்பில் போன் துடித்தது.
மஸ்கட்டிலிருந்து பெர்க்மான்ஸ்.
இந்த மாசமும் பாதிச் சம்பளம் என்பான்,
சீட்டுக்காரியிடம் தவணை கேள் என்பான்.
துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.
நான் அலையாகவே நின்றேன்.

போன் அடங்கியதும்
விரலில் இரண்டாவது தட்டு.
மணிக்கட்டை மட்டும் உயர்த்தினேன்.
தண்ணீர் நிறத்தில் ஒரு சாண்,
வெயிலில் பாதி தெரியவில்லை.

இருட்டுமுன் ஏழு.
அக்கரையிலிருந்து ஜெர்மலின் கூவினாள்:
"பூழான் எத்தற?"
"கிழங்கான் ஏழு!"

வீடு போகிற வழியில் அவனை அழைத்தேன்.
"ஏன் எடுக்கல?"
"தட்டு விழுந்துச்சு."
"அய்யோ, உடைஞ்சிருச்சா?"

விரலில் தங்கூசி அறுத்த கோடு
உப்பில் எரிந்தது.
இல்லை என்றேன்.