பெட்டி

முப்பத்தொரு வருடம்
அம்மா ஒரு தகரப் பெட்டிக்குள் நின்றாள்.
கீழே கறுப்பாய் ஓடும் ஆறு,
மேலே மாங்கனீசுச் சுரங்கம்,
நடுவே கம்பி.
ஏற ஆறு நிமிடம், இறங்க ஆறு நிமிடம்.
ஷிப்டு மாறும் நேரத்தில் இருபது பேர்
வெங்காய வாடையும் ஈரக் கம்பளியுமாய்
அவளை நெருக்கி நிற்பார்கள்.
"மூச்சை உள்ளே இழு, ஒதார், கதவைச் சாத்தணும்."
இரும்புக் கொக்கி விழும்.
மணியை இரண்டு தடவை அழுத்துவாள்.
ஊர் புறப்படும்.

நேற்றுப் பந்தியில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்,
ரொட்டியின்மேல் கொஞ்சம் ஒயின் ஊற்றிவிட்டு:
லமாராவுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.
என் மகள் தேக்லே
தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.
பிறகு சமையலறையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே,
"பயந்து சாவாள்" என்றாள்.
"ஒருநாள்கூட கீழே பார்த்ததில்லையாம்.
ஏறினவர்களின் சட்டைப் பொத்தான்களை
எண்ணிக்கொண்டே போவாளாம்.
உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலங்கள் எனக்குத் தெரியும்.
பாதி வழியில் பெட்டி நின்றுவிடும்.
ஒருமுறை நாலு மணி நேரம்,
பதினோரு பேர், ஒரு கோழி.
சூரியகாந்தி விதையை
ஆளுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்தாள்,
கோழிக்கும்.
அழுத ஒருத்தியை அதட்டினாள்:
"அழுகிறவர்கள் அப்படி ஓரமாய்ப் போங்கள்,
இங்கே இடமில்லை."
கடைசியில் சக்கரத்தைக் கையால் சுற்றி
புறப்பட்ட இடத்துக்கே இழுத்தார்கள்.
அத்தனை பேருக்கும் டிக்கெட் காசைத் திருப்பித் தந்தாள்.
மேலதிகாரி விளக்கம் கேட்டார்.
எழுதிக் கொடுத்தாள்:
போய்ச் சேரவில்லை.

தேக்லேவுக்கு நாலு வயதில் நான் இத்தாலிக்குப் போனேன்.
பாரி நகரில், பெப்பீனா என்ற கிழவியைக் குளிப்பாட்ட,
மாத்திரை கொடுக்க, நகம் வெட்ட.
பதினான்கு வருடம்.
பெப்பீனாவின் இடது காலில் சின்ன விரல்
அடுத்ததன்மேல் ஏறியிருக்கும்.
அம்மாவின் கால்விரல்கள் எப்படி இருந்தன என்று
நேற்று அவளைக் குளிப்பாட்டிய பெண்களிடம்
கேட்க வாய் வரவில்லை.

இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது.
நான் அனுப்பிய காசுக்குக் கணக்கு.
பூட்ஸ், முப்பத்துநாலாம் அளவு.
பல் டாக்டர்.
விறகு.
ஐஸ்கிரீம், பிள்ளை அழுதாள்.
ஐஸ்கிரீம், அழவில்லை, சும்மா.
அவளுக்கென்று ஒரு வரிகூட இல்லை,
மூக்குக் கண்ணாடிக் கம்பி ஒட்டியதைத் தவிர.
அதையும் அடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம்.
பின்னால் தேக்லே அவளை "அம்மா" என்று கூப்பிடுவது கேட்கும்.
"நான் அம்மாவோட அம்மா.
அம்மா இதோ போனில்" என்று திருத்துவாள்.
வாரா வாரம் திருத்தினாள்.
ஒரு ஞாயிறு திருத்தவில்லை.
எனக்கும் காதில் விழாத மாதிரி
அங்கே மழையா என்று கேட்டேன்.
மழைதான் என்றாள்.
வெகுநேரம் மழையைப் பற்றியே பேசினோம்.

இன்று காலை நானும் தேக்லேவும் மேலே போகிறோம்,
சுரங்கக் குடியிருப்பில் இரவல் வாங்கிய நாற்காலிகளுக்கு
நன்றி சொல்ல.
இப்போது புதுப் பெட்டி. சுற்றிலும் கண்ணாடி.
ஆள் யாரும் கிடையாது.
கதவு தானாக மூடுகிறது.
சத்தமே இல்லை, மூடியதா என்று
இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன்.

ஆறு கீழே இறங்கிக்கொண்டே போகிறது.
தேக்லே அதைப் பார்க்கவில்லை.
என் கோட்டின்மேல் கண் வைத்திருக்கிறாள்,
உதடு லேசாய் அசைகிறது.

"நாலுதான் இருக்கு" என்கிறாள்.
"ஒண்ணு எங்கேயோ விழுந்திருக்கு."