தெற்கு வானம் தெரியவில்லை

எங்கள் வீட்டுக்குப் பதினோரு கம்பம் முன்னதாகவே
கேபிள் களைத்துப்போய் நின்றுவிட்டது.
மீதித் தூரத்துக்கு ஒரு விலை சொன்னார்கள்.
அந்த விலைக்கு இன்னொரு டிராக்டர் வாங்கலாம்,
ஓட்டத்தான் ஆள் கிடைக்காது.
அடுத்த கம்பெனிக்காரி போனில்
தட்டித் தட்டித் தேடிப் பார்த்தாள்:
"அப்படி ஒரு முகவரியே இல்லையே மேடம்."
நிலவரி நோட்டீஸ் மட்டும்
ஒரு வருஷமும் வழி தவறியதில்லை.

டிஷ் மாட்ட வந்த பையன் கோல்பி
முழங்கால் வரை பனியில் நின்று
கைக்கருவியைத் தெற்கே நீட்டினான்.
மெய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில்
செயற்கைக்கோள் ரொம்பத் தாழ்வாகத்தான் இருக்குமாம்,
ஓட்டு விளிம்பில் உட்கார்ந்த காக்கை மாதிரி.
அது உட்கார வேண்டிய இடத்தில்
டெல்பர்ட் ஹேனிங்கின் ஸ்ப்ரூஸ் மரங்கள்.
நாற்பது. எண்ணியே சொன்னான்.
காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கேட்கப் போனது மெர்ட்டன்.
"வெட்டலாமே," என்றாராம் டெல்பர்ட்,
"காற்றடிக்கும்போது என் கொட்டகையைப் பிடித்துக்கொண்டு
நீ நிற்பதாயிருந்தால்."
பிறகு இருவரும் உருளைக்கிழங்கு விலை பேசினார்களாம்.

மூடிப்போன மோட்டல் ஒன்றின் ஏலத்தில்
இருபது டாலருக்கு ஓர் ஆன்டெனா.
மீன்முள் போல இருந்தது, இரண்டு முள் குறை.
களஞ்சியக் கூரையில் அவன்,
சமையலறையில் நான்.
காற்று வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போனதால்
விளக்கால் பேசினோம்:
ஒருமுறை அணைத்துப் போட்டால், நில்.
இருமுறை என்றால், திருப்பு, தாண்டிவிட்டாய்.
மூன்று முறை என்றால்
இறங்கி வா, சூப் ஆறுகிறது.

பழைய டிவிக்கு இரக்கம் உண்டு.
புள்ளி புள்ளியாய் இரைந்தாலும்
உள்ளே யாரோ இருப்பதாய்க் காட்டும்.
புதியது அப்படியில்லை.
வந்தால் கன்னத்து மரு வரை வரும்.
இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவள்
வாய் திறந்தபடி
சதுரம் சதுரமாய் உடைந்து நிற்பாள்.
யார் தோற்றாரோ. எங்கே தீப்பிடித்ததோ.

கடைசியில் நிலைத்தது ஒன்றே ஒன்று.
அதுவும் எல்லைக்கு அந்தப்பக்கம், கனடாவிலிருந்து,
பிரெஞ்சில்.
எங்களுக்கு பிரெஞ்சு தெரியாது.
'நேஜ்' என்றால் பனி;
அதற்கு அகராதி எதற்கு, ஜன்னல் போதும்.
அவர்கள் குளிரைச் செல்சியஸில் அளக்கிறார்கள்.
காலண்டர் ஓரத்தில் பென்சிலால் பெருக்கிக் கூட்டி
எங்கள் குளிராக மாற்றுவான் மெர்ட்டன்.
மைனஸ் நாற்பதில் மட்டும் கணக்கே வேண்டாம்,
இரண்டு நாடும் ஒரே எண்ணைச் சொல்லும்.
போன ஜனவரியில் ஒருநாள் அப்படி ஒத்துப்போனோம்.
வண்டி கிளம்பவில்லை.

ஹாக்கி இருக்கும் இரவுகளில் டெல்பர்ட் வருகிறார்.
பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்துவிட்டு
நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.
மரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
கோல் விழுந்தால் எந்த மொழியிலும் தெரிந்துவிடுகிறது.

அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி.
டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றுக்கே
எங்கள் பெட்டியில் வாணவேடிக்கை,
முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
டெல்பர்ட் தூங்கிவிட்டிருந்தார்.
"நம்முடையது இன்னும் பழையதுதான்," என்றான் மெர்ட்டன்.
கிழங்குக் கிடங்கின் சூடு பார்க்க
டார்ச்சோடு வெளியே போனான்.

புது வருஷம் அந்தப்பக்கம் தொடங்கியாயிற்று,
இந்தப்பக்கம் வந்து சேரவில்லை.
நான் சமையலறை விளக்கை
நான்கு முறை அணைத்துப் போட்டேன்.
நான்குக்கு நாங்கள் எந்த அர்த்தமும் வைத்திருக்கவில்லை.
கொஞ்ச நேரம் இருட்டு.
பிறகு கிடங்கு வாசலில் டார்ச்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு.