பதினேழு சதம் ஈரம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெட்டாற்றுப் பக்கம்
நெல் கொள்முதல் நிலையம்.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
தை பிறந்தால் வேலை,
பங்குனி முடிந்தால் வீடு.

ஒரு மூட்டை தராசில் ஏறி இறங்க
அரை நிமிடம்.
சிங்காரவேல் அடுத்ததை முதுகுக்கு மாற்றுவதற்குள்
எனக்கு ஒரு கவிதை வந்துவிட வேண்டும்.
வராவிட்டால்
அந்த மூட்டையோடு போயிற்று.

வீணான சீட்டுகளின் முதுகில் எழுதுகிறேன்.
இன்று காலை மூன்று.

          தூற்றும் இயந்திரம் நின்றது.
          பதர் மட்டும்
          இன்னும் கொஞ்ச தூரம் போனது.

          லாரி வரவில்லை.
          அட்டியின் உச்சியில் ஏறிய ஆட்டுக்குட்டிக்கு
          நாகூர் ரயில் தெரிகிறது.

மூன்றாவது நன்றாக இல்லை.
அதையும் கிழிக்கவில்லை.

திருத்தாதவள் இல்லை நான்.
போன வருஷம் மாசி முழுக்க
ஒரே கவிதையோடு இருந்தேன்.
‘மெல்ல’வை எடுத்து ‘மெதுவாக’ போட்டு,
அதையும் எடுத்து,
தார்ச்சாலையில் நெல் காயப்போட்டவள் மாதிரி
காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு,
பஸ் வந்தால் ஒதுங்கி,
பஸ் போனதும் மறுபடி கிளறி.

பதினேழு சதத்துக்கு மேல் ஈரமிருந்தால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறோம்.
அது விதி.
அளவுக்கு மீறிக் காய்ந்ததை என்ன செய்வது?
விதியில் ஒன்றும் இல்லை.
ஆலையில்தான் தெரியும்,
உமி நீங்கியதும் முழு அரிசி கிடையாது,
நொய்.

என்னுடையதும் அப்படித்தான் வந்தது.
ஒரு கை அள்ளிக் கோழிக்குப் போடலாம்.

‘கொஞ்சம் உட்கார்ந்து யோசித்து எழுதலாமே’
என்கிறார் வீட்டில்.
யோசிக்கலாம்.
நாற்காலி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டும்,
பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாது.
நாற்பது கிலோ நெல்லுக்குச்
சாக்கு ஐந்நூற்று எண்பது கிராம்.
என் சாக்குகளை இன்னும் எடை போட்டதில்லை.

போன வியாழன் டோக்கன் கூட்டத்தில்
கை தவறி
நல்ல சீட்டின் முதுகில் எழுதி,
முன்பக்கம் கையெழுத்தும் போட்டு
உத்திராபதியிடம் கொடுத்துவிட்டேன்.
இருபத்தாறு மூட்டை, சன்ன ரகம்.
பின்னால் இது:

          அறுத்த வயலில்
          ஒற்றைக் கொக்கு.
          அதற்கும் டோக்கன் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை வந்து நின்றார்.
பணம் ஏறவில்லையோ என்று
நான் கணினிப் பக்கம் திரும்ப,
‘பணம் ஏறிடுச்சு. இது வேற’ என்று
சீட்டைப் புரட்டி வைத்தார்.

‘நீங்க பார்த்தது கொக்கு இல்லம்மா.
கொக்கு நாலஞ்சாத்தான் வரும்.
தனியா நிக்கிறது மடையான்.
நிக்கிற வரைக்கும் மண்ணு மாதிரி கெடக்கும்.
எழுந்தாத்தான் வெள்ளை.’

சீட்டில் அடித்தல் இருந்தால்
பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.
பேனா மூடியைக் கழற்றினேன்.
‘கொக்கு’ மேல் முனையை வைத்தேன்.
அங்கே ஒரு நீலப் புள்ளி விழுந்தது,
அவ்வளவுதான்.
அன்றைக்கு நான் பார்த்தது கொக்குதான்.
தப்பாகவே பார்த்திருந்தாலும்
கொக்காகத்தான் பார்த்தேன்.

அவர் கோபிக்கவில்லை.
சீட்டை நாலாய் மடித்துப்
பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டார்.
வாசலில் திரும்பி,
‘ஆனா டோக்கன் விஷயம் உண்மை’ என்றார்.

வேறு சீட்டு ஒன்றை எடுத்தேன்.

          நிற்கும்வரை மண்.
          எழுந்தால்

‘நாற்பதே ஐந்நூற்று எண்பது!’
தராசிலிருந்து சிங்காரவேல்.